பால் பதம் என்றால் எந்தப் பால்?

(வட்டார வள மையத்தில் ஓவிய, அறிவியல் ஆசிரியர்களுக்காக நடைபெற்ற பயிற்சியில், அரசு மேல்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே 'ஏர் பிரஷ்ஷுக்குப் பெயிண்ட் கரைத்தல் – 1 மணி நேரம்' என்று போட்டிருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் ஓர் அறிவியல் ஆசிரியை என்னிடம் கேட்டார்: "பெயிண்ட் கரைக்க ஒரு மணி நேரமா சார்? தண்ணியை ஊத்திக் கலக்கினா முடிஞ்சது இல்லையா?" அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு பிள்ளையை வகுப்பில் எல்லார் முன்னாலும் திட்டியும் இருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம்.

இதோ, பேனா அளவுதான் இருக்கிறது. மேலே சின்னக் கிண்ணம். உள்ளே நீளமான ஓர் ஊசி, முன்னால் அந்த ஊசி நுழைந்து நிற்கும் நாசில். விரல் வைக்கும் இந்தப் பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி, பெயிண்ட் வழிவிடும். காற்று வேகமாகப் பாயும் ஊசிமுனையில் அழுத்தம் குறைகிறது. கிண்ணத்திலிருந்து பெயிண்ட் அங்கே இழுபட்டு, காற்றில் சிதறிப் பனிப்புகை போல வெளியே வருகிறது. அவ்வளவுதான் தத்துவம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் 1870-களில் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். சார்லஸ் பர்டிக் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிவம்தான் இன்று நாம் கையில் பிடிப்பதற்கு நெருங்கிய உறவு. தொடக்கக் காலத்தில் புகைப்படங்களைத் திருத்தவும் மெருகேற்றவும் இதை அதிகமாகப் பயன்படுத்தினார்கள்.

நான் இதைக் கற்றது கல்லூரியில் இல்லை. எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். என் சித்தப்பா அப்படி ஒரு பட்டறையில் பெயிண்டர். பள்ளி விடுமுறைகளில் அவருக்குப் பட்டி தேய்த்துக் கொடுப்பது என் வேலை. அவர் தின்னர் ஊற்றிப் பெயிண்டைக் கலக்கிவிட்டுக் குச்சியைத் தூக்கிப் பிடிப்பார். பெயிண்ட் முதலில் நூல் போல ஒழுகும். பிறகு அறுந்து சொட்டத் தொடங்கும். ஒழுகல் எப்போது சொட்டாக மாறுகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. "எவ்வளவு தின்னர் ஊத்தறீங்க சித்தப்பா?" என்று கேட்டால், "கேக்குற அளவுக்கு" என்பார். பெயிண்ட் கேட்கிற அளவுக்கு! பெரிய தொழிற்சாலைகளில் இதையே அடியில் துளையுள்ள ஒரு கிண்ணத்தில் ஊற்றி, முழுவதும் வடிய எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். ஃபோர்டு கப் என்று அதற்குப் பெயர். நம் பாடப்புத்தகத்தில் பாகுநிலை என்று படிக்கிறோமே, அதை அளக்கும் எளிய வழி அது. சித்தப்பாவின் குச்சியும் அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் லாரிக்கு அடிக்கும் ஸ்பிரே கன்னுக்கும் இந்த ஏர் பிரஷ்ஷுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்த கன்னின் நாசில் துளை ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர். நம் கையில் இருப்பது 0.3 மில்லிமீட்டர். விட்டத்தில் பார்த்தால் ஐந்து மடங்குகூட இல்லை. பரப்பளவில் கணக்குப் போட்டால் இருபது மடங்குக்கு மேல் வரும். கணக்கு ஆசிரியர்கள் யாராவது இருந்தால் எட்டாம் வகுப்பில் இதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம். அந்த கன்னில் சலசலவென்று போகும் பெயிண்ட் இதில் ஒரு சொட்டுகூட வராது. அதனால்தான் நீர்க்கக் கரைக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நீர்க்க? எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஒரே பதில்தான்: பால் பதம். நானும் வகுப்பில் அப்படியே சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எந்தப் பாலுங்க சார்? கறந்த பாலா, கடையில ஊத்துற பாலா?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் வீட்டில் எருமை இருக்கிறது. அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகத்தான் கேட்டான். ஆவினில்கூட நீலப் பாக்கெட் ஒன்று, ஆரஞ்சுப் பாக்கெட் ஒன்று. இரண்டையும் டம்ளரில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நீலப் பாக்கெட் பால் சுவரில் மெல்லிய படலமாக இறங்கி உடனே வடிந்துவிடும். ஆரஞ்சு கொஞ்சம் தங்கி இறங்கும். ஏர் பிரஷ்ஷுக்கு நமக்கு வேண்டியது நீலப் பாக்கெட். கரைத்த பெயிண்டைக் கிண்ணத்தின் சுவரில் தூரிகையால் மேலே இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சுவரில் ஒரு மெல்லிய நிறம் மட்டும் நின்று மீதி வழுக்கி இறங்கினால் சரி. திட்டாக ஒட்டிக்கொண்டு நின்றால் கெட்டி. நிறமே நிற்காமல் தண்ணீர் போல ஓடினால் அதிகமாக நீர்த்துவிட்டது.

கெட்டியானால் என்ன நடக்கும்? காற்றால் அதை நன்றாக உடைக்க முடியாது. பனிப்புகைக்குப் பதிலாக ரவை தூவியது போலப் புள்ளி புள்ளியாக விழும். நாசில் அடைக்கும். பிள்ளைகள் உடனே கம்ப்ரசர் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். பெயிண்ட் வெளியே வந்துவிடும், ஆனால் பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி ஆகும். அதிகமாக நீர்த்தால் வேறு கதை. பெயிண்ட் பரப்பில் பட்டதும் அதே காற்று அதை நாலு பக்கமும் தள்ளிக்கொண்டு ஓடும். நடுவில் ஒரு குளம், சுற்றிலும் கால்கள். சிலந்தி என்று என் மாணவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். "சார், சிலந்தி வந்துருச்சு" என்றால் தண்ணீர் அதிகம், அல்லது காற்று அதிகம், அல்லது கையை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். மூன்றில் எது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் நாங்கள் பயன்படுத்துவது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டுமே. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. லாரிப் பட்டறையில் பழகியவன் என்பதால் தொடக்கத்தில் எனக்கு தின்னர்மேல் ஒரு மோகம் இருந்தது. சட்டென்று காயும், வழவழப்பாக நிற்கும். அந்த தின்னரில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. மூடிய வகுப்பறையில் அதை அடித்தால் தலை சுற்றும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. மருந்துக்கடை முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. என்-95 கூடப் பெயிண்ட் துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இன்னொரு காரணம் உங்கள் எல்லாருக்கும் பழக்கமானது, தெர்மகோல். அறிவியல் கண்காட்சி என்றால் நமக்குத் தெர்மகோல்தானே! அதன்மேல் தின்னர் கலந்த பெயிண்டையோ கடையில் விற்கும் ஸ்பிரே டப்பாவையோ அடித்துப் பாருங்கள், மாதிரி கண் முன்னாலேயே உருகிக் குழி விழும். ஒரு வாரம் உட்கார்ந்து செய்த பிள்ளைகள் அழுவார்கள்.

அக்ரிலிக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்மியம் சேர்ந்த மஞ்சள், சிவப்பு டியூப்களில் ஸ்பிரே செய்யக்கூடாது என்று எச்சரிக்கை இருக்கும். தூரிகையால் பூசுவது வேறு. அதையே தூளாக்கி மூச்சில் இழுப்பது வேறு. டியூபின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை ஒரு முறை படியுங்கள். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி வகுத்தது. வீட்டு உபயோகத்துக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளுக்குத்தான் அந்த விதி. பட்டறையில் மீந்தது, சும்மா கொடுத்தார்கள் என்று தொழிற்சாலைப் பெயிண்டைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசம் போட்டு, முடிந்தால் வராந்தாவில் வைத்து அடியுங்கள்.

சரி, கரைக்கும் விதம். டியூபில் வரும் கெட்டியான அக்ரிலிக் என்றால் ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு பங்கு திரவம் என்று தொடங்கலாம். பாட்டிலில் வரும் இளக்கமான அக்ரிலிக் என்றால் ஒன்றுக்கு ஒன்று. ஏர் பிரஷ்ஷுக்கென்றே விற்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். இவை தொடங்கும் இடங்கள், அவ்வளவுதான். முடியும் இடம் கிண்ணத்தின் சுவரில் தெரியும்.

திரவம் என்றேன், தண்ணீர் என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா? அக்ரிலிக்கில் நிறத்தூளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் அந்தப் பிசின் போதாமல் போகும். காய்ந்த பிறகு விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல உதிரும். அதனால் பாதி தண்ணீர், பாதி அக்ரிலிக் மீடியம் என்று நாங்கள் கலந்து ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறோம். தண்ணீருக்கு இன்னொரு குணம், பரப்பு இழுவிசை. வழவழப்பான பிளாஸ்டிக் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் சரியாகும் என்பார்கள். சரியாகும், நுரையும் வரும். நான் அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை முதலில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பிரைமர் பூசச் சொல்கிறேன். ஸ்பிரிட்டைக் கலந்தால் சீக்கிரம் காயும் என்று சிலர் செய்வதுண்டு. சில அக்ரிலிக்குகள் அதில் பால் திரிவது போலத் திரிந்து கட்டியாகிவிடும். நாசிலுக்குள் திரிந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

கலக்குவதை ஏர் பிரஷ்ஷின் கிண்ணத்திலேயே செய்யாதீர்கள். கெட்டிப் பெயிண்ட் நேராக அடியில் இறங்கி ஊசியைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். மேலே ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும். வேறு கிண்ணத்தில் பெயிண்டைப் போட்டு, திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். சட்னிக்கு அரைத்த விழுதில் ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் கட்டி நிற்கும் இல்லையா, அதேதான். பிறகு வடிகட்ட வேண்டும். துணியில் வடிகட்டினால் நூலிழை இறங்கும்; பழைய நைலான் சாக்ஸ் நல்லது. 0.3 மில்லிமீட்டர் துளைக்கு ஒரு நூலிழை போதும் அடைக்க. போஸ்டர் கலர் மலிவு என்று அதைக் கரைத்து அடிக்கப் பார்ப்போம். அதன் தூள் சற்றுக் கரகரப்பானது, அடிக்கடி அடைக்கும். வெள்ளியும் தங்கமும் அதைவிட மோசம். அவற்றில் இருப்பது தகட்டுத் துணுக்குகள், 0.5 நாசில் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்த கையோடு நான் ஒரு காரியம் செய்தேன். பெரிய சார்ட் அட்டையில், எந்த நிறத்துக்கு எத்தனை சொட்டுப் பெயிண்ட், எத்தனை சொட்டுத் திரவம், எவ்வளவு அழுத்தம் என்று அட்டவணை போட்டு ஓவிய அறையில் மாட்டினேன். பச்சைக்கு 10-க்கு 12, நீலத்துக்கு 10-க்கு 14 என்று துல்லியமாக. அழுத்தம் எல்லாவற்றுக்கும் 20 பவுண்டு. டூவீலர் முன் டயருக்கு அடிக்கும் காற்றைவிடச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆடி மாதம். எங்கள் ஊரில் காய்ந்த காற்று வீசும். அட்டவணை அழகாக வேலை செய்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. தலைமையாசிரியர் வந்து பார்த்து, "எல்லாத்தையும் இப்படி எழுதி வெச்சிட்டா யாரு வேணாலும் செய்யலாமே சார்" என்றார்.

ஐப்பசி கடைசியில், கலைத் திருவிழாவை ஒட்டி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொல்லிமலையின் மாதிரி ஒன்று செய்தார்கள். காகிதக் கூழில் மலை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணுக்குத் தெரியக்கூடிய சிலவற்றைச் சணல் கயிற்றில் ஒட்டி, ஆகாய கங்கை அருவிக்குப் பஞ்சு வைத்து. அடிவாரத்தில் கரும்பச்சை, மேலே போகப் போக வெளிர்ந்து, தூரத்து முகடு நீலமாகக் கரைய வேண்டும். இந்த மாதிரி நிறம் மாறுவதைத் தூரிகையில் கொண்டுவருவது பிள்ளைகளுக்குக் கடினம். ஏர் பிரஷ்ஷில் மெல்லிய படலமாக ஒன்றின்மேல் ஒன்று அடித்துக்கொண்டே போனால் தானாக வரும். பெயிண்ட் கரைக்கும் பொறுப்பு ஒரு மாணவியிடம் இருந்தது. கை சுத்தம், நிதானம். அதிகம் பேசமாட்டாள்.

அன்று காலையிலிருந்து அடைமழை. நீலம் அடிக்கத் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். முகட்டில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள். நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன், தண்ணீர் அதிகம். "எத்தனை சொட்டு விட்டே?" என்றேன். "14 தானுங்க சார், சார்ட்ல இருக்கற மாதிரி." "14 விட்டா இப்படி வருமா? எண்ணக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று சத்தம் போட்டு, அவள் கையிலிருந்த இங்க் ஃபில்லரை வாங்கிப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய் நின்றுகொண்டாள். பையன் சத்தமாக எண்ணி 14 விட்டான். அடித்தான். அதே புள்ளிகள்.

அப்போதாவது அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. 12 ஆக்கு, 10 ஆக்கு என்று பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயிண்ட் கெட்டியாகி நாசில் அடைத்ததுதான் மிச்சம். மாலையில் எல்லாரும் போன பிறகு ஏர் பிரஷ்ஷைக் கழற்றிக் கழுவிவிட்டு, கிண்ணத்தில் ஒன்றுமே ஊற்றாமல், வெறும் காற்றை ஒரு பழுப்பு உறையின்மேல் அடித்துப் பார்த்தேன். பத்து நொடி ஒன்றுமில்லை. பிறகு துப்பியது. உறையில் கரும்புள்ளிகளாக ஈரம். தண்ணீர் பெயிண்டில் இல்லை, காற்றுக்குழாயில் இருந்தது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கம்ப்ரசர் காற்றை அமுக்கும்போது அது சூடாகிறது. மழைநாள் காற்றில் ஈரப்பதம் நிறைய. அமுக்கிய காற்று குழாயில் வரும்போது குளிர்கிறது, நீராவி நீராகிறது, குழாயின் தாழ்ந்த வளைவில் போய்த் தேங்குகிறது. தேங்கியது நிறைந்ததும் துப்புகிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்க்கிறதே, அதே பாடம். ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ நாம் எல்லாரும் நடத்தும் பாடம். ஈரத்தைப் பிடித்து வைக்கும் சிறு வடிப்பான் ஒன்றை வழியில் பொருத்தியிருந்தால் வந்திருக்காது. எங்கள் பழைய கம்ப்ரசரில் அது இல்லை. அது வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மறுநாள் அதே பிள்ளைகளைக் கூட்டி, வெறும் காற்றை உறைமேல் அடித்துக் காட்டினேன். தப்பு என்னுடையது, எண்ணியது சரிதான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நேத்தே பாத்தேனுங்க சார். புள்ளிக்கு நடுவுல நிறமே இல்லீங்க, வெள்ளையா இருந்துச்சு. தண்ணி ஜாஸ்தியா இருந்தா காலு காலா ஓடும்னு சொன்னீங்க, அது ஓடலை. சொல்லலாம்னு பாத்தேனுங்க…" என்று நிறுத்திவிட்டாள்.

நான் முடிவுசெய்து முடித்திருந்த இடத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெயிண்ட் நீர்த்துப்போனால் நிறத்தோடு கால்கள் ஓடும். குழாய்த் தண்ணீர் விழுந்தால் ஏற்கெனவே அடித்த ஈர நிறத்தை ஒதுக்கிவிட்டு நடுவில் வெளிறிய வட்டம் விழும். இரண்டும் வேறு வேறு அடையாளம். அதை நானே சொல்லிக்கொடுத்திருந்தும் நான் பார்க்கவில்லை. சார்ட் சரி என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், தப்பு பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்தச் சார்ட்டைக் கழற்றினோம். கழற்றிய பிறகு அதில் இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. சொட்டுக் கணக்கு! எல்லாத் திரவத்தின் சொட்டும் ஒரே அளவா? இல்லை. சோப்புக் கலந்த தண்ணீரின் சொட்டு வெறும் தண்ணீரின் சொட்டைவிடச் சிறியது. பரப்பு இழுவிசை குறைவதால் சீக்கிரம் அறுந்து விழுந்துவிடும். ஃபில்லரின் முனை மாறினாலும் சொட்டு மாறும். ஊசி நீக்கிய புது சிரிஞ்ச் ஒன்று இருந்தால் மில்லிலிட்டரிலேயே அளக்கலாம். இப்போது அதைத்தான் செய்கிறோம்.

சார்ட்டுக்குப் பதிலாக ஒரு நோட்டு வைத்தோம். தேதி, வெயிலா மழையா, எந்தப் பெயிண்ட், எத்தனை மில்லி, அழுத்தம். கடைசிப் பத்தியில் 'என்ன நடந்தது'. முதல் ஐந்தையும் விட அந்தக் கடைசிப் பத்திக்கு இடம் அகலமாகக் கோடு போடச் சொன்னவள் அந்தப் பெண்தான். பங்குனியில் எழுதிய பக்கங்களைப் பார்த்தால் தலைகீழான கதை. வெயில் காலத்தில் ஊசிமுனையிலேயே அக்ரிலிக் காய்ந்துவிடுகிறது. நிறம் விட்டுவிட்டு வரும். பிள்ளைகள் பொத்தானை இன்னும் இழுப்பார்கள். காய்ந்த துணுக்கு பிய்ந்து, ஒரு குண்டுத்துளி படத்தின் நடுவில் போய் விழும். காற்று சதா ஊதிக்கொண்டிருக்கும் இடமல்லவா அது? காற்றடிக்கும் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்வது போலத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஈரத் தூரிகையால் ஊசிமுனையைத் துடைக்க வேண்டும். பெயிண்டில் கிளிசரின் சில சொட்டு விட்டால் காய்வது தாமதமாகும். அதே கிளிசரினை மழைக்காலத்தில் விட்டால் படம் பிசுபிசுவென்று நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். ஒரு மாணவன் அந்தக் கடைசிப் பத்தியில், 'ரெண்டு நாள் ஆச்சு, எறும்பு ஒட்டிக்கிச்சு' என்று எழுதியிருக்கிறான். அதைவிடத் தெளிவாக நானும் எழுதமுடியாது.

நிறம் கலப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நேரம் ஆகிறது. எல்லா நிறத்துக்கும் ஒரே பலம் கிடையாது. தாலோ புளூ என்று டியூபில் இருக்கும் நீலம் அசுர பலம். மஞ்சள் சாது. பச்சை வேண்டுமானால் மஞ்சளை எடுத்து வைத்துக்கொண்டு, நீலத்தைக் குச்சி நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் டியூப் மஞ்சளும் தீர்ந்துவிடும், பச்சை வராது. நிறத்தை முதலில் கெட்டியாகவே கலந்து முடித்துவிட்டுப் பிறகுதான் நீர்க்கக் கரைக்க வேண்டும். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்ப வேண்டாம். அக்ரிலிக் பிசின் ஈரத்தில் பால் போல இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த நிறம் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். ஒரு வேலைக்கு வேண்டிய அளவை ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள புட்டியில் வையுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி பிடிப்பது பெரும்பாடு. வெளிர் நிறம் வேண்டும் என்றதும் வெள்ளையைச் சேர்ப்பது நம் பழக்கம். ஏர் பிரஷ்ஷில் அது தேவையே இல்லாத நேரங்கள் பல. நன்றாக நீர்த்த நீலத்தை வெள்ளைப் பரப்பில் ஒரு படலம் அடித்தால் அடியிலிருக்கும் வெள்ளையே அதை வெளிற வைக்கும். தூரத்து மலை அப்படித்தான் வந்தது. வெள்ளை சேர்த்திருந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகியிருக்கும்.

பள்ளியில் ஏர் பிரஷ் இல்லையே என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நோட்டு போட ஏர் பிரஷ் வேண்டியதில்லை. மூடியில் ஊசியால் துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை அடிப்பக்கம் வெட்டிக் கவிழ்த்துப் பிடித்து, ஒரே அளவு தண்ணீர், பால், மோர், கரைத்த பெயிண்ட் என்று ஒவ்வொன்றாக ஊற்றி, எத்தனை நொடியில் வடிகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். துளை ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் செய்துவிடுவார்கள். எருமை வைத்திருக்கும் நம் பையன் இரண்டு வகைப் பாலும் கொண்டுவந்து இதைச் செய்து பார்த்தான். அவன் கேள்விக்கு அவனே விடை எழுதியிருக்கிறான், நோட்டைப் பின்னால் சுற்றுக்கு விடுகிறேன்.

இப்போது எல்லாரும் மேசையைச் சுற்றி வாருங்கள். பெயிண்ட் மூன்று புட்டிகளில் இருக்கிறது. ஒன்று கெட்டி, ஒன்று நீர்த்தது, ஒன்று சரியானது. எது எது என்று நான் சொல்லப்போவதில்லை. சோதித்துப் பார்க்கப் பழைய திருமணப் பத்திரிகைகள் நிறையக் கொண்டுவந்திருக்கிறேன். செய்தித்தாள் பெயிண்டை உறிஞ்சிவிடும், பத்திரிகையின் பளபள அட்டையில் புள்ளியும் சிலந்தியும் நன்றாகத் தெரியும். முகக்கவசம் அங்கே பெட்டியில். அந்த ஜன்னலை யாராவது திறந்துவிடுங்கள். கிண்ணத்தில் இன்னும் எதுவும் ஊற்ற வேண்டாம். வெளியே தூறல் போடுகிறது, முதலில் வெறும் காற்றை அடித்துப் பார்ப்போம்.